கோல வடிவங்களை டி-ஷர்ட்டில் அச்சிட்டு ஆன்லைனில் விற்க ஆசை: எங்கிருந்து தொடங்குவது?

கோலமயில் | 6 அக்டோபர் 2025, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். நான் காரைக்குடிப் பக்கம். அம்மா மார்கழி முழுக்க வாசலில் போடும் கோலங்களை நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் பள்ளி நாளிலிருந்தே உண்டு. இரண்டு வருடமாக அவற்றை இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து வருகிறேன். சிக்குக் கோலம் மட்டும் 40 சேர்ந்துவிட்டது. கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை இழையாக இவற்றைப் பார்க்க வேண்டும், நாலு பேர் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசை.

சரக்கு வாங்கி அடுக்க இடமும் இல்லை, பணமும் இல்லை. கையில் இருப்பது 6,000 ரூபாய். ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொரு பீஸாக அச்சிட்டு அவர்களே அனுப்பிவைக்கும் பிரின்ட் ஆன் டிமாண்ட் முறை எனக்கு ஒத்துவரும் என்று தோழி சொன்னாள். ரெட்பபிள், அமேசான் மெர்ச் மாதிரி வெளிநாட்டுத் தளத்தில் போடுவதா, நம் ஊர் நிறுவனத்திடம் போவதா? ஜிஎஸ்டி எடுத்தே ஆக வேண்டுமா? தம்பி வேறு, "கோலமெல்லாம் யாருக்கா வாங்குவா, சினிமா வசனம் போடு" என்கிறான். ஒரு கோலத்தை மட்டும் பொடி தூவியது போலவே விளிம்பு மங்கலாக வரைந்திருக்கிறேன். அது அச்சில் அப்படியே வருமா?

கரிசல்மண் | 6 அக்டோபர், இரவு 10.40

வாங்க கோலமயில். மூன்று வருடமாக இதைச் செய்கிறேன், கோவில்பட்டியிலிருந்து. முதலில் இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

ரெட்பபிள் (2006இல் மெல்போர்னில் தொடங்கியது), அமேசான் மெர்ச் போன்றவற்றில் கடை அவர்களுடையது. வாங்க வருகிறவரும் அவர்களைத் தேடித்தான் வருகிறார். நீங்கள் படத்தை ஏற்றுகிறீர்கள், விற்றால் உங்களுக்கு ஒரு பங்கு வரும். அமேசான் மெர்ச்சில் விண்ணப்பித்து அனுமதி கிடைக்க வேண்டும், ஆரம்பத்தில் 10 டிசைன்தான் வைக்க விடுவார்கள். விற்க விற்க இடம் கூடும்.

நம் ஊர் வழியில் கடை உங்களுடையது. திருப்பூரின் கிகின்க், சென்னையின் பிரின்ட்ரோவ் மாதிரி நிறுவனங்கள் பின்னால் நின்று அச்சிட்டு, உங்கள் பெயரில் பார்சல் கட்டி அனுப்பும். விலையை நீங்கள் வைக்கலாம். வாங்குபவரை நீங்களேதான் கூட்டி வர வேண்டும். கஷ்டம் முழுக்க அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

இனி கணக்கு. என் கடையில் ஒரு கறுப்பு ரவுண்ட் நெக், துணியின் கனம் 180 ஜிஎஸ்எம், மார்பில் ஏ4 அளவு அச்சு:

பீஸ் அச்சுடன் 260, அதற்கு ஜிஎஸ்டி 13. கூரியர் வரியோடு 83. மொத்தம் 356. விற்பது 499க்கு. மிச்சம் 143. ஆன்லைனில் பணம் கட்டினால் அதை வாங்கித் தரும் கேட்வே நிறுவனம் ஒரு 12 ரூபாய் எடுத்துக்கொள்ளும், ஆக 131. நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியும் நான் ஏற்கெனவே கட்டியதும் ஏறக்குறைய நேராகிவிடுவதால் அதைத் தனியாக எழுதவில்லை.

இப்போது சிஓடியை, அதாவது பார்சல் கைக்கு வந்ததும் பணம் தரும் முறையை, திறந்து விடுங்கள். 10 ஆர்டரில் 3 திரும்பி வந்தது என்று வையுங்கள். ஏழில் கிடைப்பது 1,001. திரும்பிய மூன்றில் ஒவ்வொன்றுக்கும் பீஸ் 273, போக 83, வர 83, ஆக 439. மூன்றுக்கும் 1,317. பத்து ஆர்டர் வந்தும் 316 ரூபாய் கைநஷ்டம். விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவு செய்யாமலே இந்த நிலை. என் முதல் தீபாவளி சீசன் முழுக்க இப்படித்தான் போனது. ஆர்டர் எண்ணிக்கையைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், மாதக் கடைசியில்தான் தெரிந்தது. அன்றோடு சிஓடியை நிறுத்தினேன். ஆர்டர் பாதியாகக் குறைந்தது, கையில் காசு நின்றது.

உங்கள் 6,000இல் முதலில் நான்கு சாம்பிள் வாங்குங்கள். 1,500க்குள் முடியும். மீதியைத் தொடாதீர்கள்.

பவர்டேபிள் | 7 அக்டோபர், காலை 6.55

திருப்பூருங்க. பனியன் கம்பெனியில செக்கிங்ல ஆரம்பிச்சு இப்ப பிரிண்டிங் பட்டறைல பதினோரு வருசமா இருக்கேன். அம்மிணி கேட்ட மங்கலான விளிம்பு விசயத்துக்கு மட்டும் விவரமாச் சொல்றேன்.

ஒத்தை ஒத்தை பீஸா அடிக்கறதுல பெரும்பாலும் இப்ப டிடிஎஃப்தானுங்க. ஃபிலிம் மேல படத்தைத் திருப்பி அடிச்சு, அதுக்கு மேல வெள்ளை இங்க் ஓட்டி, பசைப்பொடி தூவி உருக்கி, அப்புறம் ஹீட் பிரஸ்ல 150, 160 டிகிரில துணி மேல ஒட்டறது. கம்ப்யூட்டர்ல நீங்க விளிம்பைப் பாதி தெளிவா, பாதி மங்கலா வெச்சா, மெசினுக்குப் பாதி வெள்ளைன்னு ஒண்ணு கிடையாது. ஒண்ணு இங்க் விழும், இல்லைன்னா விழாது. அதனால மங்கலான இடமெல்லாம் கறுப்புத் துணில சாம்பலா ஒரு கரை கட்டி நிக்கும். பொடி மாதிரி வேணும்னா விளிம்பைச் சின்னச் சின்னப் புள்ளியா உடைச்சு வரைங்க, ஒவ்வொரு புள்ளியும் முழு வெள்ளையா இருக்கோணும். ஆனா ரொம்பப் பொடிசாப் போனா பசை பிடிக்காது, துவைக்கத் துவைக்க உதிரும். இழையும் அப்படித்தான், 1 மில்லிமீட்டருக்குக் கீழ போகாதீங்க.

டிடிஜின்னு இன்னொண்ணு இருக்குது. துணி மேலயே நேரா அடிக்கறது. கறுப்புல அடிக்க முதல்ல ஒரு மருந்து தெளிச்சுக் காய வெக்கோணும். கைல தடவுனா டிடிஎஃப் அளவுக்குப் பிளாஸ்டிக் மாதிரி தெரியாது. எந்த முறைன்னு கேட்டு வாங்குங்க.

துணியைப் பத்தி: 180 ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். அந்த நம்பரை மட்டும் பார்த்து ஏமாந்துடாதீங்க. காம்ப்டு நூலா (குட்டை இழையைச் சீவி எடுத்தது), பயோவாஷ் பண்ணுனதா (துணிப் பிசிறை எடுத்தது), காம்பாக்டிங் (துணி பின்னால சுருங்காம இருக்க முன்னாடியே அழுத்தறது) ஒழுங்கா நடந்துச்சான்னு பாருங்க. காம்பாக்டிங் சரியில்லைன்னா முதல் துவைப்புலயே நீளம் குறைஞ்சு அகலம் கூடிப்போகும். கோலம் வட்டமா இருந்தது முட்டையாத் தெரியும்.

இன்னொண்ணு சொல்லோணும். உங்க படம் ஒரே கலருங்க. ஒரே கலர்னா ஸ்கிரீன் பிரிண்ட்டுக்குன்னே பிறந்த டிசைன். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது இங்க் தள்ளற வலைச்சட்டம், அந்தச் செலவு ஒரு தடவைதான். எந்தக் கோலம் போகுதுன்னு தெரிஞ்சதுக்கப்புறம் அதை மட்டும் 50 பீஸ் ஸ்கிரீன்ல அடிச்சீங்கன்னா பீஸுக்கு ஆகற செலவு நல்லாக் குறையும், பல வருசம் நிக்கும். ஒத்தை பீஸ் முறையை எது ஓடும்னு பார்க்கற உரைகல்லா வெச்சுக்குங்க.

வேகநடை | 7 அக்டோபர், காலை 11.20

கரிசல்மண் சொல்வது ஒரு கோணம். என் அனுபவம் வேறு. 10 டிசைன் வைத்துக்கொண்டு காத்திருந்தால் வயதாகிவிடும். ஏஐயில் ஒரு நாளைக்கு 30 படம் எடுக்கலாம். 500 டிசைன் ஏற்றுங்கள், எது ஓடுகிறதோ ஓடட்டும். டிரெண்டில் இருப்பதைப் பிடிக்க வேண்டும். 2020 செப்டம்பரில் "இந்தி தெரியாது போடா" டி-ஷர்ட் எப்படிப் போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

பவர்டேபிள் | 7 அக்டோபர், மதியம் 1.35

அந்த வாரம் நாங்க ராத்திரி பகலா அடிச்சோமுங்க. ஆனா அது ஓடுனது ஸ்கிரீன்ல, மொத்தமா. 2017 ஜனவரி ஜல்லிக்கட்டு சமயத்துலயும் அப்படித்தான். இங்க திருப்பூர் காதர்பேட்டை பனியன் சந்தைல பிளெய்ன் பீஸ் அள்ளி, ராத்திரியோட ராத்திரியா அடிச்சு, விடியறப்ப பஸ்ஸுல ஏத்தி அனுப்பறவங்களுக்கு அது ஒத்துவரும். ஆர்டர் போட்டு அஞ்சு நாள், ஏழு நாள் கழிச்சு வர்ற பார்சலுக்கு அந்த வேகம் ஒத்துவராதுங்க.

கரிசல்மண் | 7 அக்டோபர், மாலை 4.05

வேகநடை, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் கோலமயிலுக்கு இந்த யோசனையைத் தர மாட்டேன். நானும் முதல் வருடம் 200 டிசைன் வைத்திருந்தேன். காபி, பைக், ஜிம், பூனை என்று எல்லாம் உண்டு. விற்றது பெரும்பாலும் 6 டிசைன். ஆறும் எங்கள் ஊர்ச் சங்கதி: கரிசல் காடு, தீப்பெட்டி லேபிள் பாணி, கடலைமிட்டாய். வாங்கியவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் எங்கள் பக்கத்து ஆட்கள். அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்பதை நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பூனையைப் பற்றி எனக்குத் தெரிந்தது உலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பெண் பள்ளி நாளிலிருந்தே கோலம் குறித்து வைத்திருக்கிறார். ஏஐயிடம் சிக்குக் கோலம் கேட்டுப் பாருங்கள். தூரத்தில் கோலம் போலவே இருக்கும். விரலை வைத்து இழையைத் தொடர்ந்து போனால் நடுவில் முட்டி நிற்கும், புள்ளி ஒன்று வெளியே கிடக்கும். வாசலில் கோலம் போட்டு வளர்ந்தவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார்கள். அவர்கள்தானே இவருடைய வாடிக்கையாளர்கள்?

தம்பியின் சினிமா வசனம் பற்றி: வேண்டவே வேண்டாம். வசனத்துக்கு உரிமையாளர் இருக்கிறார். நடிகரின் முகம், பெயர் இன்னொரு சிக்கல்; தன் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக ஓர் இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் போன வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஐபிஎல் அணிகளின் சின்னமும் அப்படியே. வெளிநாட்டுத் தளங்களில் ஒரு புகார் போதும், டிசைனைத் தூக்குவார்கள். திரும்பத் திரும்ப நடந்தால் கணக்கே போய்விடும். டி-ஷர்ட்டில் எழுத்து வரி வேண்டுமென்றால் குறள் இருக்கிறது, பாரதி இருக்கிறார். நம் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை. பாரதி மறைந்தது 1921. அவர் எழுத்துகளின் உரிமையை 1949இலேயே சென்னை மாகாண அரசு வாங்கியது, பிறகு பொதுவாக்கியும்விட்டது.

எழுத்தாணி | 8 அக்டோபர், இரவு 8.18

டி-ஷர்ட்டில் தமிழ் எழுத்து வரி போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. நான் எழுத்துரு வேலை செய்பவன். ரயிலில் ஒருவர் டி-ஷர்ட்டில் இருந்த தமிழைப் பார்த்து மனசு கேட்காமல் இதை எழுதுகிறேன்.

"கோலம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய போட்டோஷாப்பில் எழுத்து அமைப்பை மாற்றாமல் தட்டினால் க முதலில் வந்து நிற்கும், இரட்டைக்கொம்பும் காலும் அதற்குப் பின்னால் போய் விழும். சில நேரம் புள்ளி வட்டம் ஒன்றும் கூடவே வரும். அச்சிடுபவருக்குத் தமிழ் தெரியவில்லையென்றால் அப்படியே அடித்து அனுப்பிவிடுவார். பழைய போட்டோஷாப்போ இல்லஸ்ட்ரேட்டரோ பயன்படுத்துகிறவர்கள் அமைப்பில் போய் வேர்ல்ட் ரெடி என்ற தேர்வை வையுங்கள். கோலமயில் இன்க்ஸ்கேப் என்பதால் பிழைத்தார், அதில் கொம்பு சரியாகவே விழும். இருந்தாலும் எழுத்தைத் தட்டி முடித்ததும் அதைக் கோட்டு வடிவமாக மாற்றிச் சேமியுங்கள். மறுமுனையில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் சிதையாது.

எங்கோ இறக்கிய எழுத்துருவை வைத்து விற்காதீர்கள். கூகுள் ஃபாண்ட்ஸில் உள்ள மீரா இனிமை, முக்தா மலர், கேடமரன், பவனம், பலூ தம்பி எல்லாம் திறந்த உரிமத்தில் உள்ளவை, விற்கும் பொருளில் தாராளமாகப் போடலாம்.

கோப்பு அளவு கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: பின்னணி இல்லாத பிஎன்ஜி, 4500க்கு 5400 பிக்சல். 15க்கு 18 அங்குலத்தில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வரும். அமேசான் மெர்ச் கேட்பதும் இதுதான், மற்ற இடத்துக்கும் சரியாகிவிடும்.

கணக்குப்புள்ளி | 9 அக்டோபர், காலை 7.30

சேலத்தில் வரி ஆலோசகராக இருக்கிறேன். ஜிஎஸ்டி கேள்வி அப்படியே நிற்பதால் எழுதுகிறேன்.

கோலமயில், பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வருடத்துக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மாநிலத்துக்குள் விற்றால் மட்டும். உங்கள் சொந்தத் தளத்திலிருந்து பெங்களூருக்கு ஒரே ஒரு டி-ஷர்ட் போனாலும் பதிவு கட்டாயம். மற்றவர் நடத்தும் விற்பனைத் தளங்களில் முன்பு எல்லோருக்கும் கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு, ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்க வழி வந்திருக்கிறது.

வரி விகிதமும் இப்போதுதான் மாறியது. 2025 செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து பீஸ் 2,500 ரூபாய் வரை 5 விழுக்காடு. முன்பு இந்த எல்லை 1,000 ஆக இருந்தது. டி-ஷர்ட்டுக்கு எச்எஸ்என், அதாவது பொருளை வகைப்படுத்தும் வரிக் குறியீடு, 6109.

வெளிநாட்டுத் தளத்தில் உங்களுக்கு வருவது ராயல்டி. அமெரிக்க நிறுவனம் என்றால் கணக்குத் தொடங்கும்போதே டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். பான் எண்ணைக் கொடுத்து இந்தியா என்று சரியாகக் குறித்தால் ராயல்டியில் பிடிக்கும் வரி 15 விழுக்காட்டில் நிற்கும். விட்டுவிட்டால் 30. இங்கே வருமான வரி ரிட்டர்ன் போடும்போது அதைக் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு, சான்றைப் பத்திரமாக வையுங்கள்.

முதல் மூன்று மாதம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றுப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யலாமா என்று என் தங்கை கேட்டிருந்தால், செய் என்றுதான் சொல்லியிருப்பேன். தளத்தில் பின்கோடை வைத்து மற்ற மாநிலங்களைத் தடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கரிசல்மண் | 9 அக்டோபர், காலை 9.02

நன்றி சார். ஒன்று சேர்க்கிறேன்: பதிவில்லாமல் இருந்தால் பீஸுக்கும் கூரியருக்கும் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. வாங்குபவரிடம் வரி வசூலிக்கவும் வேண்டியதில்லை என்பதால் என் கணக்கில் அந்த 131 பெரிதாக மாறாது.

பனைவடலி | 10 அக்டோபர், காலை 5.48

வணக்கம் தங்கச்சி. நான் கனடாவில, ஸ்கார்பரோவில இருக்கிறன். இங்க ஜனவரி மாசம் தமிழ் மரபுத் திங்கள். பொங்கலும் அதுக்குள்ள வரும். பள்ளிக்கூடங்கள், சங்கங்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள் எல்லாம் விழா வைப்பினம். போன முறை எங்கட பிள்ளைகளுக்குப் போடத் தேடினன். கிடைச்சதெல்லாம் புலிமுகமும் பெரிய எழுத்தில தமிழன்டா எண்டதும்தான். ஒரு பெம்பிளப் பிள்ளை விரும்பிப் போடுற மாதிரி ஒண்டும் அகப்படேல்ல. கோலம் எண்டால் என்ர மகள் உடன போடுவாள்.

ஆனா ஜனவரியில இங்க டி-ஷர்ட் வெளியில தெரியாது, குளிர். ஹூடியில போடுங்கோ, கோலம் முதுகில பெரிசா வரட்டும். இந்தியாவில இருந்து ஒண்டொண்டா அனுப்பினா தபால் செலவு உடுப்பு விலையை விடக் கூடும். பிரின்ட்ஃபுல், பிரின்டிஃபை மாதிரி ஆக்கள் வட அமெரிக்காவிலேயே அடிச்சு அனுப்புவினம், அதைப் பாருங்கோ. நவம்பர் கடைசிக்குள்ள கடையில இருந்தாத்தான் எங்களுக்கு உதவும்.

கோலமயில் | 10 அக்டோபர், இரவு 10.05

ஒவ்வொருவரும் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. பனைவடலி அக்கா, உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளுக்கு என்று நினைத்தபோதுதான் முதுகு முழுக்க நிறைகிற 15 புள்ளிக் கோலம் ஒன்று மனதில் வந்தது. நான்கு சாம்பிளுக்கு இன்று ஆர்டர் போட்டுவிட்டேன். வந்ததும் துவைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கோலமயில் | 2 நவம்பர், மாலை 6.30

சாம்பிள் வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஒவ்வொன்றையும் பத்து முறை துவைத்துவிட்டேன். இரண்டு கைத்துவைப்பில், இரண்டு வாஷிங் மெஷினில்.

பவர்டேபிள் அண்ணன் சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்தது. மங்கல் விளிம்பு வைத்த கோலம் சாம்பல் கரை கட்டிக்கொண்டு வந்தது, பார்க்கவே பிடிக்கவில்லை. 0.4 மில்லிமீட்டர் இழை ஆறாவது துவைப்பில் மடிப்பு விழும் இடங்களில் தூக்கிக்கொண்டது. 1.5 மில்லிமீட்டர் இழை அப்படியே இருக்கிறது. ஒரு பீஸ் மட்டும் நீளம் ஒரு விரற்கடை குறைந்தது. அளவுப் பட்டியலில் அந்த நிறுவனம் இதைச் சொல்லவில்லை, என் கடையில் நான் எழுதி வைக்கப் போகிறேன்.

பெரிய விஷயம் வேறு. நான்காவது டி-ஷர்ட்டை அம்மா கொடியில் காயப்போட்டுவிட்டு ரொம்ப நேரம் அதன் முன்னாலேயே நின்றார். பிறகு விரலை வைத்து இழையைத் தொடர்ந்து போய், "ஏழாவது வரிசையில திரும்ப வேண்டியது திரும்பாம தாண்டிப் போயிருக்கு, இது ஒரே இழைக் கோலம்டி, நீ ரெண்டாக்கிட்ட" என்றார். இரண்டு வருடமாகத் திரையில் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. அன்றிரவே 40 கோலங்களையும் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். 9இல் பிழை கண்டுபிடித்தார். நடுவீட்டுக் கோலங்கள் மூன்றை எடுத்துவிடச் சொன்னார். அது சாமி முன்னால் போடுவது, உடுப்பில் வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன்.

முதலில் 7 கோலம் மட்டும் வைக்கிறேன். விலை 549, சிஓடி கிடையாது, தமிழ்நாட்டுக்குள் மட்டும். ஒவ்வொன்றிலும் எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எங்கே தொடங்கிப் போடுவது என்று அம்மா சொன்னபடி எழுதியிருக்கிறேன். வாங்குகிறவர்கள் தரையில் போட்டும் பார்க்கட்டும். கனடாவுக்கு ஹூடி டிசைன் இரண்டு, நீங்கள் சொன்னபடி அங்கேயே அச்சிடுகிற தளத்தில் இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் வந்துவிடும் அக்கா.

பனைவடலி | 2 நவம்பர், இரவு 7.41

மகளுக்கு வாசிச்சுக் காட்டினன். அம்மம்மா சொல்லிக்குடுத்த கோலத்தில எத்தனை புள்ளி எண்டு அவள் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்துக் கேக்கிறாள். ரெண்டும் எங்களுக்கு வேணும், அளவு சின்னன் ஒண்டு, நடுத்தரம் ஒண்டு.

பவர்டேபிள் | 3 நவம்பர், காலை 6.20

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. ஏழுல எது முதல்ல 20 பீஸ் தாண்டுதோ அந்த ஃபைலை எனக்கு அனுப்புங்க. ஸ்கிரீன் போடறதுக்கு முன்னால இழை தடிமன் பார்த்துச் சொல்றேன், அதுக்குக் காசு வேண்டாம். கறுப்புல வெள்ளை ஒரு கோட் அடிச்சா மங்கித் தெரியும், நடுவுல சூடு காட்டிட்டு ரெண்டாவது கோட் அடிக்கோணும். பட்டறைக்காரர் ஒரு கோட்லயே முடிச்சுத் தர்றேன்னு விலையைக் குறைச்சாருன்னா ஒத்துக்காதீங்க.